பிக்கப் வண்டியின் பின்பட்டைகள்: தளர்ச்சியைக் கண்டறிந்ததும் மாற்றியதும்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குத் தக்காளியும், பாச்சலூர் மலைப்பக்கத்திலிருந்து சந்தைக்குச் சௌசௌவும் ஏற்றும் ஒன்றரை டன் வகை பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை (வில்போல வளைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளை) இரு புறமும் முழுமையாக மாற்றிச் சில காலம் ஆகிறது. மாற்றுவதற்கு முன் எதையெல்லாம் அளந்தேன், எதை ஒதுக்கினேன், எதற்குச் செலவு செய்தேன் என்பதை, இதே நிலையில் வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். வண்டி உட்கார்ந்துவிட்டது என்று சொன்னவுடன் "ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டா எந்திரிச்சு நின்னுக்கும்ணே" என்ற பதில்தான் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் முதலில் வருகிறது. அந்தப் பதில் சில வண்டிகளுக்குச் சரி. என் வண்டிக்கு அது பொருந்தாது என்று அளவுகள் காட்டின.

பட்டை தளர்வதை ஓட்டுநர் பெரும்பாலும் உணர்வதில்லை, ஏனென்றால் அது நாளுக்கு நாள் மயிரிழை மயிரிழையாக நடக்கிறது. என் விஷயத்தில் முதலில் தெரிவித்தவர்கள் எதிரே வந்த ஓட்டுநர்கள். முகப்பு விளக்கைத் தாழ்த்தி டிப்பரில் வைத்துத்தான் போய்க்கொண்டிருப்பேன், ஆனாலும் பொள்ளாச்சிச் சாலையில் எதிர்வண்டிக்காரர்கள் விளக்கை அடித்துக் காட்டினார்கள். பின்புறம் தாழ்ந்தால் முன்புறம் நிமிரும். முகப்பு விளக்கின் ஒளி சாலையை விட்டு எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறிவிடும். இரண்டாவது அடையாளம், சிறிய வேகத்தடையில்கூட அரைச் சுமையோடு போகும்போது பின்னால் "டொக்" என்று ஒரே அடியாக விழுந்த சத்தம். பட்டை தன் வேலையை முடிப்பதற்கு முன்பே ஹவுசிங் (பின்சக்கரங்களின் அச்சு உள்ள குழாய்) போய்ச் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உள்ள பம்ப் ரப்பர் என்ற தடுப்புக் கட்டையில் மோதும் சத்தம் அது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தபோது அந்த ரப்பரின் நுனி மண் ஒட்டாமல் கறுப்பாகப் பளபளத்தது. நல்ல வண்டியில் அந்த ரப்பர் தூசி படிந்து கிடக்கும். செலவே இல்லாத இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் இன்றே செய்து பார்க்கலாம்.

அடுத்தது அளவு. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தரை. சந்தை வாசலோ வீட்டு முற்றமோ கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் சரிந்திருக்கும். நான் எடைமேடையின் தளத்தையே பயன்படுத்திக்கொண்டேன், ஏனெனில் எடை போடவும் அங்கேதான் போக வேண்டியிருந்தது. இரண்டு, எங்கிருந்து எங்கே அளப்பது என்பது. சக்கர வளைவிலிருந்து தரைக்கு அளப்பவர்கள் உண்டு. டயரின் காற்று, டயரின் தேய்மானம், பாடியின் வளைவு எல்லாம் அந்த அளவுக்குள் கலந்துவிடுவதால் அதை நான் நம்புவதில்லை. ஹவுசிங் குழாயின் மேல்தளத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள சேஸிஸின் அடிப்பகுதி வரை அளந்தால் பட்டையின் நிலை மட்டும் கிடைக்கும். அளப்பதற்கு முன் சுமையை முழுக்க இறக்கி, வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை கையால் அழுத்தி விட வேண்டும். இல்லாவிட்டால் பட்டைகளுக்கிடையே உள்ள உராய்வு வண்டியை ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ பிடித்து வைத்திருக்கும்.

என் வண்டியில் வலப்புறம் 18.5 சென்டிமீட்டரும் இடப்புறம் 16.5 சென்டிமீட்டரும் இருந்தன. இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? வண்டியோடு வந்த கையேட்டில் இந்த அளவு இல்லை. எங்கள் ஸ்டாண்டில் அதே மாடல் வண்டியைப் புதிதாக வாங்கியிருந்த நண்பரிடம் கேட்டு அவருடைய வண்டியை அதே இடத்தில் நிறுத்தி அளந்தேன். இரு புறமும் 20.5 இருந்தது. ஆகவே என் வண்டி வலப்புறம் 2 சென்டிமீட்டரும் இடப்புறம் 4 சென்டிமீட்டரும் இறங்கியிருந்தது. பம்ப் ரப்பருக்கு எஞ்சியிருந்த இடைவெளி இடப்புறத்தில் புதிய வண்டியில் இருப்பதில் பாதியளவுக்குச் சற்றே மேல். இடப்புறம் கூடுதலாக இறங்கியதில் வியப்பில்லை. நம் சாலைகள் தண்ணீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிவாக இருக்கின்றன. இடப்பக்கமாகவே ஓடும் வண்டியில் சுமையின் ஒரு பங்கு எப்போதும் அந்தப் பக்கமே சாய்ந்துகொண்டிருக்கிறது. சாலையை விட்டு மண்ணில் இறங்கி ஏறுவதும் இடச்சக்கரம்தான்.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைச் சொல்ல வேண்டும். பட்டை பழசானால் இளகி மென்மையாகிவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எஃகின் விறைப்பு அப்படிக் குறைவதில்லை. குறைவது அதன் வளைவு. மீண்டும் மீண்டும் அளவுக்கு மேல் அமுக்கப்பட்ட பட்டை, முன்பிருந்த வில் வளைவுக்கு முழுமையாகத் திரும்பாமல் சற்றுத் தட்டையாக நின்றுவிடுகிறது. அதன் விளைவாக வெறும் வண்டியே தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. சுமை ஏற்றியபின் ரப்பரைத் தொட எஞ்சும் தூரம் சுருங்கிவிடுகிறது. ரப்பரில் மோதத் தொடங்கிய பிறகு அடியெல்லாம் நேராகச் சேஸிஸுக்கும் ஹவுசிங்குக்கும் போகிறது. பட்டையில் சேமித்த பணம் வேறு இடத்தில் வெல்டிங் கூலியாக வெளியேறுவது இந்தக் கட்டத்தில்தான்.

வளைவு குறைவது ஒரு வகை. விரிசல் விட்டு உடைவது இன்னொரு வகை. முன்னதை அளந்து கண்டுபிடிக்கலாம், பின்னதற்குக் கண்ணும் கம்பித் தூரிகையும் வேண்டும். மண்ணெண்ணெய் தொட்டு அடுக்கின் பக்கவாட்டைத் தேய்த்துச் சேற்றை நீக்கிவிட்டு, இரண்டு நாள் ஓட்டியபின் பார்க்க வேண்டும். பட்டைகளின் இடுக்கிலிருந்து செங்காவி நிறத்தில் மெல்லிய தூள் கோடாகக் கசிந்திருந்தால், அங்கே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அந்தக் கோடு பட்டையின் நீளவாக்கில் இல்லாமல் குறுக்காக ஓரிடத்தில் தெரிந்தால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். அடுக்கை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையின் இரு ஓரங்கள், அடுக்கை ஹவுசிங்கோடு கட்டும் யு போல்ட்டின் பிடி முடியும் இடம், மேலுள்ள பட்டையில் கீழ்ப்பட்டையின் நுனி அழுத்தும் இடம், மிக நீளமான மெயின் பட்டையின் நுனி வளையமாகச் சுருளும் 'கண்' உள்ள இடம் ஆகிய நான்கிலும் முதலில் பார்க்க வேண்டும். என் வண்டியில் இடப்புற இரண்டாம் பட்டை சென்டர் போல்ட் துளையை ஒட்டி உடைந்திருந்தது. யு போல்ட்டின் பிடிக்குள் மறைந்திருந்ததால் அது வெளியே தெரியவில்லை. கழற்றியபோதுதான் இரண்டு துண்டாக வந்தது. உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தால் துளையை ஒட்டிய பகுதி துரு ஏறிக் கறுத்தும், அதைச் சுற்றிக் கடல் சிப்பியின் மேல் உள்ளதைப் போன்ற வரிகளாகவும், மீதிப் பகுதி மணல் மணலாக வெளிறியும் இருந்தது. கறுத்த பகுதி நெடுநாளாக விரிந்துகொண்டே வந்தது. வெளிறிய பகுதி கடைசியில் ஒரே அடியில் போனது. ஆக, அந்தப் பட்டை பல நாள் பாதிப் பலத்தோடு ஓடியிருக்கிறது.

சென்டர் போல்ட்டைப் பற்றியும் ஒரு சொல். ஹவுசிங்கைப் பட்டையின் மேல் நகராமல் இருத்துவது அந்தச் சிறிய போல்ட்டின் தலைதான். அது அறுந்தால் ஹவுசிங் ஒரு பக்கம் பின்னோக்கி நகர்ந்து, வண்டி நேராகப் போகும்போதும் பின்பகுதி குறுக்கே வருவதைப் போலத் தெரியும். பின்னால் வேறொரு வண்டியில் வருபவரைப் பார்க்கச் சொன்னால் உடனே சொல்லிவிடுவார். இந்த நிலையில் சுமையோடு மலை இறங்கவே கூடாது.

பட்டையின் நிலை தெரிந்தபின் தேவை என்ன என்று தெரிய வேண்டும். அதற்கு எடைமேடையைத் தவிர வேறு வழியில்லை. ஆர்.சி.யில் என் வண்டியின் வெறும் எடை 1,640 கிலோ, சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,150 கிலோ. மேடையில் வெறும் வண்டி 1,790 கிலோ காட்டியது. தார்ப்பாய்க் கம்பிகள், உயர்த்திக் கட்டிய பக்கப்பலகைகள், தளத்தில் அடித்த கனத்த தகடு, கூடுதல் ஸ்டெப்னி ஆகியவை சேர்ந்து 150 கிலோவைத் தின்றிருந்தன. இந்த எடை இறங்கவே இறங்காத சுமை. வண்டி வீட்டில் நிற்கும் இரவிலும் பட்டையின் மேல்தான் இருக்கிறது. தக்காளிக் கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. பெட்டி 14 கிலோ என்று பேசுகிறோம். அது காயின் எடை. காலிப் பிளாஸ்டிக் பெட்டியே ஒன்றே முக்கால் கிலோ நிற்கிறது. நூறு பெட்டி ஏற்றினால் 1,400 என்று நினைத்துக்கொண்டு 1,575 கிலோ ஏற்றியிருப்போம். எனக்கு ஓட்டுநரோடு சேர்த்து இருந்த இடமோ 1,360 கிலோ. எண்பது பெட்டியோடு கணக்கு முடிகிறது. மேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் எடை போட்டுக்கொள்வதும் நல்லது. பட்டைக்கும் பின் டயருக்கும் உரிய எண் அதுதான். டயரின் பக்கச்சுவரில் உள்ள சுமைக் குறியீட்டை அதோடு ஒப்பிட வேண்டும்: 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு பக்கப்பலகைகளைக் குறைத்து, தளத்தின் தகட்டை மெல்லியதாக மாற்றி, அந்த 150 கிலோவில் ஏறத்தாழ பாதியை இறக்கிவிட்டேன். பட்டையை மேம்படுத்தும் வேலையில் மிக மலிவான பகுதி இதுவே என்பது என் கருத்து.

பின்னர் பட்டை. என் முன் இருந்த வழிகளில் முதலாவது, பழைய பட்டைகளுக்கே மீண்டும் வளைவு ஏற்றுவது. சம்மட்டியால் குளிர்நிலையில் தட்டி வளைவு ஏற்றுவார்கள். வேலை தெரிந்தவர் செய்தால் வண்டி எழுந்து நிற்கும். ஆனால் ஏற்கெனவே களைத்த எஃகு அது; என் அனுபவத்தில் அது மீண்டும் விரைவில் தட்டையாகிவிடுகிறது. கேஸ் நெருப்பால் சூடேற்றி வளைப்பவரிடம் எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. பட்டையை ஆலையில் சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி குறிப்பிட்ட வெப்பத்தில் பதப்படுத்திய பிறகே அந்த நெகிழ்வும் வலிமையும் கிடைக்கின்றன. நெருப்புப் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பிறகு அது அங்கேயே வளையும், அல்லது அங்கேயே முறியும்.

இரண்டாவது வழி, முன்பு சொன்ன 'ரெண்டு பட்டை சேர்ப்பது'. இதில் கனம் பற்றிய கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பட்டையின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது; கனத்துக்கோ மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் அதே நீளத்தில் 9 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும். 10 போட்டால் ஏறத்தாழ இரு மடங்காகும். கையில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாத ஒரு மில்லிமீட்டர் இவ்வளவு செய்கிறது. மேலும், ஒரே அடுக்கில் எல்லாப் பட்டைகளும் ஒரே அளவு வளைய வேண்டியிருப்பதால், கனத்த பட்டைதான் மற்றவற்றைவிட அதிக இழுவிசையைத் தாங்குகிறது. லாரியின் பழைய பட்டை ஒன்றை வெட்டி மெல்லிய அடுக்கில் செருகுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முதலில் முறிவது அந்தச் 'சேர்த்த பலம்'தான். அடுக்கு உயர்வதால் சென்டர் போல்ட்டும் யு போல்ட்டும் நீளமாக வேண்டும் என்பதும் சேர்ந்துவரும் செலவு. பரபோலிக் பட்டை உள்ள வண்டிகளில் இந்த வேலையே ஆகாது. டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவற்றின் முன்பக்கத்தில் உள்ள அந்த வகைப் பட்டை நடுவில் கனமாகவும் நுனிக்குப் போகப் போக மெலிந்தும் இருக்கும். அதன் நடுவே தட்டைப் பட்டை ஒன்றைச் செருகினால் அதன் வளையும் முறையே கெட்டுப்போகும்.

நான் எடுத்த முடிவு, இரு புறமும் முழுப் புதிய செட், அதோடு அதே கனத்தில் நடுத்தர நீளமுள்ள ஒரே ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பது. ஐந்து பட்டை அடுக்கில் ஆறாவது சேரும்போது விறைப்பு அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். நீளம் குறைந்த பட்டையாதலால் அதைவிடச் சற்றுக் குறைவாகவே கூடும். மலைப்பாதை வளைவுகளிலும், தார்ப்பாய்க் கம்பி போன்ற நிரந்தரச் சுமைக்கும் எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவே. ஒரு புறம் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். புதியதும் பழையதும் ஒரே அச்சில் இருந்தால் வண்டி சாய்ந்தே நிற்கும். பட்டை வாங்கும்போது எடையைப் பார்த்து மட்டும் விலை பேசாமல், ஆலையின் பெயரும் பாகத்தின் எண்ணும் பதிந்த செட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். வலப்புறத்துக்கும் இடப்புறத்துக்கும் வந்த இரண்டு செட்களையும் கடையிலேயே தரையில் நிறுத்தி, கண்ணுக்குக் கண் நூல் பிடித்து, நடுவில் வளைவின் உயரத்தை அளந்து, இரண்டும் ஒத்திருந்த பின்னரே பணம் கொடுத்தேன். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

இன்னும் விறைப்பாகப் போட்டிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு என் பதில் தக்காளிதான். அளவுக்கு மீறி விறைத்த பட்டையில் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் பெட்டிக்குள் இறங்குகிறது. கடைசி வரிசையில், அதுவும் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் உள்ள பெட்டிகளில், பழுத்த காய் நசுங்கிச் சாறு வடியும். சந்தையில் அந்தப் பெட்டிக்கு விலை குறைப்பார்கள். செங்கல்லும் ஜல்லியும் ஏற்றுபவருக்கு உகந்த பட்டை காய்கறி ஏற்றுபவருக்கு உகந்ததல்ல.

மாற்றும் வேலையில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது முதலாவது. சேஸிஸுக்கு இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே யு போல்ட்டைத் தொட வேண்டும். இரண்டாவது, அடுக்கைப் பிரிக்கும்போது சென்டர் போல்ட்டை நேரடியாகக் கழற்றுவது. வளைவு மாறுபட்ட பட்டைகள் அழுத்தத்தில் இருப்பதால் போல்ட் விட்டவுடன் விசிறியடிக்கும். பெரிய வைஸிலோ சி கிளாம்பிலோ நடுவில் இறுக்கிப் பிடித்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, பிடியை மெல்லத் தளர்த்த வேண்டும். பழைய யு போல்ட்டுகளை மீண்டும் போடக் கூடாது. ஒருமுறை முழு இறுக்கம் கண்ட போல்ட் நீண்டிருக்கும், மரையும் தேய்ந்திருக்கும். ஷாக்கிளின் (பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் பிடியின்) புஷ்களையும், அதாவது அதன் துளைகளில் உள்ள உறைகளையும், இப்போதே மாற்றிவிட வேண்டும், ஏனெனில் கூலி ஒரே கூலிதான். ரப்பர் புஷ் உள்ள வண்டியாக இருந்தால் அதன் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்காமல், வண்டியைத் தரையில் இறக்கி அதன் இயல்பான உயரத்தில் நிற்க வைத்தபின் இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து விரைவில் கிழிந்துவிடும். யு போல்ட் நட்டுகளை ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனரால்) இறுக்கச் சொன்னேன்.

பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுவிடும் வேலை இதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஹவுசிங்கிலிருந்து ஒரு கம்பி மேலே போய்ச் சேஸிஸில் உள்ள ஒரு வால்வில் சேரும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் திருப்பிப் பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். காலி வண்டியில் குறைத்துவிடும். காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. புதிய பட்டையால் வண்டி 4 சென்டிமீட்டர் உயர்ந்தால், சுமை இருந்தாலும் வண்டி காலி என்றே அந்த வால்வு எண்ணிக்கொள்ளும்; பின்பிரேக் குறைவாகப் பிடித்து, சுமை முழுவதும் முன்பிரேக்கின் தலையில் விழும். பாச்சலூர் இறக்கத்தில் இதன் பொருள் என்ன என்று சொல்லத் தேவையில்லை. கம்பியின் நீளத்தைக் கையேட்டில் உள்ளபடி சரிசெய்த பிறகே வண்டியை எடுத்தேன். அதே நாளில் முகப்பு விளக்கையும் சுவரில் அடித்துப் பார்த்து இறக்கினோம். இன்ஜின் பக்கத்திலிருந்து பின்அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ராடின் கோணம் மாறியிருப்பதால் அதன் கிராஸ் என்ற மூட்டில் அதிர்வு வருகிறதா என்று காலியாகவும் சுமையோடும் ஓட்டிப் பார்த்தேன், வரவில்லை. ஷாக் அப்சார்பர்களில் ஒன்று எண்ணெய் கசிந்திருந்ததால் இரண்டையும் மாற்றினேன். செத்த ஷாக்கோடு புதிய பட்டையைப் போட்டால், ஒவ்வொரு பள்ளத்துக்குப் பின்னும் பட்டை தேவையில்லாமல் பலமுறை ஆடித் தன் ஆயுளைக் குறைத்துக்கொள்ளும்.

சட்டத்தைப் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். பட்டை எத்தனை போட்டாலும் ஆர்.சி.யில் உள்ள எடை ஒரு கிலோகூட ஏறாது. ஆர்.சி.யில் பதிந்த விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 194-ஆம் பிரிவு, அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று சொல்கிறது. அதைவிட முக்கியம், ஹவுசிங், ஹப் பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழைய பலத்திலேயே இருக்கின்றன என்பது. பட்டை மட்டும் தாங்குவதால் வண்டி தாங்குகிறது என்று ஆகாது.

முன்பட்டைகளை நான் மாற்றவில்லை. இரு புறமும் அளந்தபோது புதிய வண்டியோடு வித்தியாசம் அரை சென்டிமீட்டருக்குள்ளேயே இருந்தது. புஷ் மட்டும் போட்டு விட்டுவிட்டேன். யு போல்ட்டுகளை முதல் சுமைக்குப் பிறகு ஒருமுறையும், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறையும் இறுக்கினேன். இரண்டு முறையும் நட்டுகள் கால் சுற்றாவது ஏறின, ஏனெனில் புதிய பட்டைகளின் பெயின்ட் நசுங்கி அடுக்கு படிந்துகொண்டிருந்தது. காலியாக ஓடும்போது பின்பக்கம் முன்பைவிடச் சற்றுத் துள்ளுகிறது. அதற்காக டயரின் காற்றை நான் குறைப்பதில்லை. கிரீஸ் அடிக்கும் நாளில் ஹவுசிங்குக்கும் சேஸிஸுக்கும் இடையே டேப்பை வைத்துப் பார்த்து, இரு புற அளவையும் தேதியோடு டீசல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். மாற்றிய அன்று இரு புறமும் 21 இருந்தது. முதல் மாதத்தில் அரை சென்டிமீட்டர் படிந்து, அதன்பின் 20.5-இலேயே நிற்கிறது.